புளியங்கொட்டைக்குக் கழிவு

ஆறு வயதுப் பிள்ளைகளை அடக்கி ஆள ஒரு வழி இருக்கிறது என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவர் மழைக்காலத்தில் அந்த வயதுப் பிள்ளைகளோடு ஒரே அறையில் இருந்ததில்லை என்று அர்த்தம். நான் இருந்திருக்கிறேன். இன்னும் இருக்கிறேன். ஆனாலும் அப்படி ஒரு வழி எனக்குத் தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. அதற்கு விழுந்த அடியைத்தான் சொல்லப்போகிறேன். (சிரிப்பதென்றால் தாராளமாகச் சிரியுங்கள். என் வீட்டில் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.)

எங்கள் தொடக்கப் பள்ளி பந்தலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. ஆசிரியர்கள் இரண்டே பேர். மேல் வகுப்புகளைத் தலைமை ஆசிரியை அன்னம்மா டீச்சர் பார்த்துக்கொள்வார். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் சேர்ந்து என் தலையில். குடியிருப்பது கூடலூரில். விடியுமுன் எழுந்து சோறு வடித்து, கணவருக்கும் மகளுக்கும் டப்பா கட்டிவிட்டு, ஒரு பஸ், அப்புறம் ஒரு ஜீப், அப்புறம் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு ஏற்றம். மேலே போனதும் முதல் வேலை, காலில் ஏறிய அட்டைகளைப் பிடுங்கிப் போடுவது. அதற்குள் வாசலிலேயே ஆரம்பித்துவிடும்.

"டீச்சர், இவன் என் பென்சில நக்குறான்."

"டீச்சர், என் பல்லு ஆடுது, ஆட்டிப் பாக்குறீங்களா?"

"டீச்சர், எனக்கு ஒண்ணுக்கு வருது."

"டீச்சர், எனக்கு வந்துருச்சு."

சாயங்காலம் வீடு திரும்பும்போது தொண்டையில் குரல் இருக்காது. கணவர் ஏதாவது கேட்டால் கையைக் காட்டுவேன். அவர் அதைப் பல வருஷங்களாகக் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

இந்த நிலையில்தான் கூடலூரில் ஆசிரியர் பயிற்சி மையத்தில் கருத்தாளர் இடம் ஒன்று காலியானது. மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை. எனக்கு அதில் தெரிந்ததெல்லாம் மூன்று விஷயம்: அந்த வேலைக்கு ஒரு நாற்காலி உண்டு, அது என் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது, அதன் பக்கத்தில் வந்து யாரும் பல்லை ஆட்டிக் காட்ட மாட்டார்கள். அந்த நாற்காலியைக் கனவில்கூடப் பார்த்தேன். சாயக்கூட இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன். அதுவே அவ்வளவு சுகமாக இருந்தது.

நாற்காலி வேண்டுமானால் பெயர் வாங்க வேண்டுமே. பிள்ளைகளின் நடத்தையைச் சீர்படுத்த, நல்லபடி நடப்பவர்கள் பெயருக்கு எதிரே நட்சத்திரம் ஒட்டும்படி பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஒட்டினேன். எங்கள் ஊர் மழையில் சுவரே உரிந்து வருகிறது, நட்சத்திரம் எம்மாத்திரம்! மறுநாள் எல்லாம் தரையில் கிடந்தன. ஒன்று மட்டும் என் வகுப்புக் குமாரின் நெற்றியில் இருந்தது.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. என் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, ஊட்டி மார்க்கெட்டில் மளிகைக் கடை. அங்கிருந்து ஒரு பை புளியங்கொட்டை கொண்டுவந்தேன். ஆளுக்கொரு சின்னத் துணிப்பை. சமத்தாக இருந்தால் பையில் கொட்டை விழும். சாயங்காலம், தோட்டத்தில் பறித்த கொழுந்தை எடை போடுகிற மாதிரியே, கணக்குப் பாடத்துக்கென்று வந்த பிளாஸ்டிக் தராசில் பைகளை எடை போடுவேன். எடை அதிகமுள்ளவர் மறுநாள் கங்காணி. அதாவது மேஸ்திரி. வரிசையை அவர்தான் நடத்துவார்.

சும்மா சொல்லக்கூடாது, வகுப்பு பெட்டிப்பாம்பாய் அடங்கிற்று. பூரித்துப்போனேன். அன்னம்மா டீச்சர் மட்டும் குடையை மடக்கிக்கொண்டே, "டீச்சரே, எடை போடறது இவிட வெளையாட்டு இல்ல கேட்டோ" என்றார். அவர் பேச்சில் மலையாளம் பாதி, எச்சரிக்கை பாதி. நான் இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வினை அடுத்த அடியில் வந்தது. தோட்டத்தில் மழை நாளில் கொழுந்து நனைந்திருக்கும். அந்தத் தண்ணீரின் எடைக்கென்று கொஞ்சம் கழித்துத்தான் கணக்கில் எழுதுவார்கள். அதற்குக் கழிவு என்று பெயர். ஆகா, நன்றாக இருக்கிறதே என்று நானும் வகுப்பில் கழிவைக் கொண்டுவந்தேன். சத்தம் போட்டால் பையிலிருந்து ஒரு கை கொட்டை கழிவு. எவ்வளவு கழிப்பது என்பதில்தான் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் பாதிச் சண்டையே நடக்கிறது என்பது எனக்கு எப்படித் தெரியும்? நான் தராசுக்குப் பின்னால் நின்று வளர்ந்த கடைக்காரர் மகள். முன்னால் நிற்பவர்களுக்கு வயிறு எரியும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

ஓர் ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்று இந்தத் திட்டத்தை விளக்கினேன். (என்னை யாரும் எழுந்து நிற்கச் சொல்லவில்லை.) கல்வி அலுவலர் மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். சிரிக்கவே தெரியாத முகம். "மத்த டீச்சர்ஸையும் கூட்டிட்டு வர்றேன், நேர்ல பாக்கணும். நல்லா இருந்தா அந்தக் கருத்தாளர் இடத்துக்கு உங்க பேரையே எழுதிடலாம்" என்றார். அன்றிரவு வீட்டில் பிரியாணி செய்தேன்.

மேடம் வருவதற்கு முந்தின நாள் பேய் மழை. பிள்ளைகள் வெளியே போக வழியில்லை. குமார் சட்டைப் பையில் ஒரு தவளையை வைத்துக்கொண்டு வந்திருந்தான். தவளை வெளியே வந்தது. அப்புறம் நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. நாளைக்கு மேடம், இன்றைக்குத் தவளையா என்று எனக்குத் தலைக்கேறிவிட்டது. எல்லோர் பையிலிருந்தும் கழிவு எடுத்தேன். அதோடு விட்டேனா? கரடிப் புத்தகத்தையும் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

அந்தக் கரடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பில் அழகழகான புத்தகங்கள் உண்டு. நிலாவைப் பற்றி ஒன்று இருக்கிறது, படங்களைப் பார்த்தால் எனக்கே கண் கலங்கும். பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. "மழ பேயிற ஊர்ல நெலாவ எங்க டீச்சர் பாக்குறது?" என்று கேட்டுவிட்டார்கள். அவர்களுக்கு வேண்டியதெல்லாம் அட்டை கிழிந்த அந்தக் கரடிதான். ஊர் பெயர் தெரியாத ஒரு குட்டிக் கரடி பஸ்ஸில் ஏறுகிறது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஜன்னல் வழியாக மூக்கை நீட்டி மோந்து பார்த்து, "இது இல்ல!" என்கிறது. கடைசி ஸ்டாப்பில் அம்மாக் கரடி நிற்கிறது. அவ்வளவுதான் கதை. தினமும் கடைசி மணி நேரத்தில் இதை வாசிக்க வேண்டும். எனக்குத் தூக்கத்தில் உதடு "இது இல்ல" என்று அசைகிறதாம், கணவர் சொன்னார்.

மறுநாள் நல்ல சேலை, புதுக் கைப்பை. நாற்காலியில் உட்காரப்போகிறவள் பழைய பையோடு போகலாமா? மேலே போய்ச் சேர்ந்தேன். என் வகுப்பு மொத்தமும் வராந்தாவில் சம்மணம் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எனக்கு மனசு குளிர்ந்தது. மேடத்தை வரவேற்க எவ்வளவு ஒழுங்கு!

"உள்ள வாங்க கண்ணுகளா" என்றேன். ஒருவரும் அசையவில்லை.

முன்வரிசையில் கனகா. இரண்டாம் வகுப்பு, மேல் பல் இரண்டு இல்லை. அவள் அப்பா தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர்.

"வேலக்கி எறங்க மாட்டோம் டீச்சர்" என்றாள்.

"என்னது?"

"தவக்கள கொண்டாந்தது குமாரு. எங்களுக்கு ஏங் கழிவு எடுத்தீங்க? கரடியயும் பூட்டிட்டீங்க."

"அப்ப குமாரைத்தானே நீங்க கோவிச்சுக்கணும்?"

"நானும் ஸ்ட்ரைக்குத்தான் டீச்சர்" என்றான் குமார் பின்னாலிருந்து. "ஒத்துமையா இருக்கோம்."

படித்த வித்தையெல்லாம் இறக்கினேன். மூன்று எண்ணுவதற்குள் எழுந்திருக்க வேண்டும் என்று சொல்லி, "ஒண்ணு, ரெண்டு" என்றேன். "மூணு, நாலு, அஞ்சு" என்று அவர்களே பிடித்துக்கொண்டு இருபதுவரை பிசகாமல் போய் நின்றார்கள். அந்த இருபதைச் சொல்லிக்கொடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அடுத்து, பிள்ளைகளை அமைதிப்படுத்தும் கைதட்டல். ஆசிரியர் தாளத்தோடு தட்டினால் பிள்ளைகள் அதே தாளத்தில் திருப்பித் தட்டி அமைதியாவார்கள். தட்டினேன். கனகாவுக்கு அந்தத் தாளம் தோதாக அமைந்துவிட்டது.

"வேண்டும் வேண்டும்!"

"கரடி வேண்டும்!"

"ஒழிக ஒழிக!"

"கழிவு ஒழிக!"

"சரி, பேசித் தீத்துக்கலாம், கத்தாதீங்க!" என்று கெஞ்சினேன்.

"கங்காணிகிட்டப் பேச மாட்டோம்" என்றாள் கனகா. "தொரை வரணும்." தோட்டத்தில் மேனேஜரைத் துரை என்பார்கள்.

"நான் கங்காணியா?"

"ஆமா."

அன்னம்மா டீச்சர் தன் வகுப்பு வாசலில் நின்று, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அப்போதுதான் சரிவில் ஜீப் சத்தம். மேடம் இறங்கினார். பின்னாலேயே மற்ற டீச்சர்கள்.

"தொரையம்மா வந்துட்டாங்கடி!" என்றாள் கனகா. கோஷம் இன்னும் ஓங்கியது.

மேடம் என்னைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். படியில் போய் உட்கார்ந்தார். "சொல்லுங்க, என்ன பிரச்சனை?" என்று கேட்டார். என்னிடம் அல்ல, கனகாவிடம். கனகா ஒன்று விடாமல் சொன்னாள். பேச்சுவார்த்தை நடந்த நேரம் முழுக்க நான் ஓரமாக நின்றேன். என் தரப்பு என்ன என்று யாரும் கேட்கவில்லை.

"கழிவு எடுத்தது தப்புதான்" என்று மேடம் தீர்ப்புச் சொன்னார். "டீச்சர், புத்தகத்தை எடுத்துக் குடுங்க."

கைப்பையைத் திறந்தேன். புதுக் கைப்பை! பீரோச் சாவி பழைய பையோடு கூடலூரில் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"சாவி வீட்டுல இருக்குங்க மேடம்."

"பொய்யி!" என்றது கூட்டம். ஒன்றாம் வகுப்புக் குட்டி ஒன்று உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தது. அழுகை வரிசையாகப் பரவியது. மேடம் முதன்முதலாகப் பதறினார். "கதை உங்களுக்கு மனப்பாடம்தானே? நீங்களே நடிச்சுக் காட்டுங்க!"

என்ன செய்வது, நாற்காலிக்காக எதையும் செய்கிற நிலை. நல்ல சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நான்கு கால்களில் இறங்கினேன். வராந்தா பெஞ்சு பஸ் ஆனது. "கண்டக்டரு யாரு?" என்று குமார் கேட்டான். "தொரையம்மா!" என்று எல்லோரும் சொன்னார்கள். சங்கம் சொன்னால் மறுக்க முடியுமா? வட்டாரத்தையே நடுங்க வைக்கிற மேடம் பெஞ்சில் ஏறி நின்று, "டிக்கெட், டிக்கெட்!" என்றார். நான் மூக்கை நீட்டி, "இது இல்ல!" என்றேன். "இன்னும் சத்தமா டீச்சர்!" என்றாள் கனகா. இன்னும் சத்தமாகச் சொன்னேன். ஒரு ஸ்டாப்பைத் தாவிவிட்டேன் என்று மறுபடி முதலிலிருந்து நடிக்க வைத்தார்கள். வந்திருந்த டீச்சர்களில் ஒருத்தி செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை. கரடிக்கு அத்தனை வேலை.

கதை முடிந்ததும் கனகா எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு, "வேலக்கி எறங்கலாம்" என்றாள். மொத்த வகுப்பும் வரிசையாக உள்ளே போய் உட்கார்ந்து சிலேட்டை எடுத்தது. ஊசி விழுந்தால் கேட்கும். மேடம் வாசலில் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என் சேலை முழுக்கச் சேறு, ஆனாலும் மனசுக்குள் நாற்காலி பளபளத்தது.

போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளைங்களுக்கு உங்கமேல அவ்வளவு பிரியம் டீச்சர். உங்களை இங்கிருந்து எடுத்தா மறுபடியும் உக்காந்துருவாங்க. அந்தப் பொறுப்பு எனக்கு வேண்டாம்." ஜீப் போய்விட்டது. நான் வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். பிள்ளைகள் பிரியத்தை நினைத்து நெகிழ்ந்து அழுதேன் என்று அன்னம்மா டீச்சர் இன்றுவரை எல்லோரிடமும் சொல்கிறார். இல்லை. நாற்காலிக்காக அழுதேன்.

அந்த நாற்காலி யாருக்குப் போனது தெரியுமா? செல்போனைத் தூக்கிப் பிடித்தாளே, அவளுக்கு. படம் வாட்ஸப்பில் கூடலூர் தாண்டி, நடுவட்டம் ஏறி, ஊட்டி மார்க்கெட்டில் அத்தா கடைக்கு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. மறுபடி அந்த இடம் காலியானபோது, பிள்ளைகளை விட்டுப் போக மனமில்லாமல் நான் மனுப் போடவில்லை என்று எழுத ஆசைதான். போட்டேன். கிடைக்கவில்லை. இன்றைக்கும் பஸ், ஜீப், ஏற்றம், அட்டை.

போன மாதம் தங்கச்சியைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் என் பக்கம் திரும்பி, "நீங்க என்ன பண்றீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தா முந்திக்கொண்டார்.

"ஏனுங்க, தெரியாதுங்களா? ஒண்ணாங் கிளாசுகிட்டத் தோத்துப்போன கங்காணி என்ற மூத்த புள்ளதானுங்க."

மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் ஏற்கெனவே படத்தைப் பார்த்திருந்தார்கள்.