மூன்றாவது ஸ்க்ரூ

பழைய ஆயில் கறுப்பாக வரும் என்றுதான் புது ஆயில் விற்ற கடைக்காரர் சொல்லியிருந்தார். வந்ததோ பால் கலந்த காபியின் நிறத்தில். ஸ்டோர் கிளார்க் படகின் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, துணி ஊறவைக்கும் பேசினுக்குள் அது சாவகாசமாகச் சொட்டுவதைப் பார்த்தார்.

படகு அவருடையதாக இருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டார். அது மேனேஜருடையது, அவருக்கு மாமனார் வாங்கிக்கொடுத்தது.

வெள்ளிக்கிழமை மேனேஜர் அவரை அறைக்குக் கூப்பிட்டு, "உங்களுக்கு போட் எஞ்சின் பத்தி ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார். தெரியாதுதான். ஆனால் மேனேஜர் எதைக் கேட்டாலும் "தெரியும் சார்" என்று சொல்லிப் பழகிய வாய் அது. ஆறு மாதமாகத் தற்காலிக வேலை. நிரந்தரமாக்கும் உத்தரவு அந்த மேசையின் மேலேயே கையெழுத்துக்காகக் கிடந்தது. அதை வைத்துக்கொண்டு "தெரியாது" என்று சொல்ல அவருக்கென்ன பைத்தியமா?

"ஞாயித்துக்கிழமை என் மாமனார் வீட்டு ஆளுங்க ஏழு பேர் வர்றாங்க. எல்லாரும் கடலுக்குள்ள போறோம். கீழே இருக்கிற கியர் பெட்டியில ஆயிலை மட்டும் மாத்திடுங்க. ஒரு மணிக்கு வந்து எடுத்துக்கறேன்."

ஆபீசில் நகல் எடுக்கும் இயந்திரத்தைக் கிளார்க் ஒருமுறை சரிசெய்ததிலிருந்து அது நகல் எடுப்பதையே விட்டிருந்தது. மேனேஜருக்கும் அது தெரியும். தெரிந்தும் தன்னிடம் ஒப்படைத்தாரே என்று கிளார்க் உருகிப்போயிருந்தார். சனிக்கிழமை படகு இழுவை வண்டியோடு வந்து அவர் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றபோது அந்த உருக்கம் போய் உதறல் வந்தது. இன்று ஞாயிறு. மணி ஒன்பது.

கடைக்காரருக்குப் போன் போட்டார். "அண்ணே, ஆயில் வெள்ளையா வருது."

"தண்ணி எறங்கியிருக்கு சார். ஸ்க்ரூவோட வாஷர் தேஞ்சிருக்கும். நான் குடுத்த புது வாஷரைப் போட்டுக்குங்க. ஆனா பழசு ஒரு சொட்டு உள்ள இருக்கக் கூடாது. இருந்தா பல்லைத் தின்னுடும்."

"யார் பல்லை?"

"கியர் பல்லை சார்."

ஒரு சொட்டு இருக்கக் கூடாது. கிளார்க் அதைப் பிடித்துக்கொண்டார். கீழே ஆயில் வடிகிற ஸ்க்ரூ, மேலே காற்று போகிற ஸ்க்ரூ, இரண்டையும் ஏற்கெனவே கழற்றியாகிவிட்டது. சொட்டுவது நின்றும் அவருக்குத் திருப்தி இல்லை. உற்றுப் பார்த்ததில் கீழ் ஸ்க்ரூவுக்குப் பக்கத்திலேயே மூன்றாவதாக ஒன்று தெரிந்தது. இதையும் திறந்தால் மிச்சமும் வடிந்துவிடுமே என்று திருகினார். சுலபமாக வந்தது. உள்ளே 'களக்' என்று ஏதோ விழுந்தது.

கிளார்க் மெல்லப் படகில் ஏறி கியர் கம்பியைத் தள்ளிப் பார்த்தார். முன்னால் போனது, பின்னால் வந்தது. எதிலும் பிடிப்பில்லை. ஸ்க்ரூவைத் திரும்ப மாட்டினால் அது உள்ளே எதையும் பிடிக்காமல் சும்மா சுற்றியது.

போன் அடித்தது. மேனேஜர்.

"எப்படிப் போயிட்டிருக்கு?"

"பிரமாதமா போயிட்டிருக்கு சார்."

"ஏதாவது உடைஞ்சுதா?"

"சார்?"

"உடைஞ்சா மறைக்கக் கூடாது. அந்த நிமிஷமே எனக்குச் சொல்லணும். புரியுதா? பயப்படாம சொல்லணும்."

பயப்படாமல் சொல் என்று அந்த மனிதர் சொன்னதைக் கேட்டதும் கிளார்க்குக்குப் பயம் இரண்டு மடங்கானது. "ஒண்ணும் உடையல சார்" என்று வைத்துவிட்டார்.

உள்ளே விழுந்ததைத் தூக்கி நிறுத்திவிட்டால் போதும் என்று தோன்றியது. மனைவியின் தையல் பெட்டியிலிருந்து கொக்கி வைத்த நீள ஊசியை எடுத்துவந்து, மூன்றாவது ஸ்க்ரூவின் ஓட்டைக்குள் விட்டுத் துழாவினார். எதுவோ மாட்டியது. இழுத்தார். வரவில்லை. ஒரு கையால், எஞ்சினின் அடியில் தண்ணீரைத் தள்ளுகிற விசிறியைச் சுற்றிக்கொண்டே இழுத்தார். ஊசி இப்போது லேசாக வந்தது. ஆனால் பாதிதான் வந்தது. மீதியைக் கடித்துக்கொண்டு விசிறி இறுகி நின்றுவிட்டது. அதுவரை கியர்தான் போயிருந்தது. இப்போது விசிறியும் சுற்றாது.

மனைவி வாசலுக்கு வந்தாள். தெருவில் பாதிப் பேருக்குத் தைத்துக் கொடுப்பவள் அவள்.

"என்னங்க, என் கொக்கி ஊசியைப் பாத்தீங்களா?"

"பாதியைப் பாத்தேன்."

அவள் பேசினைப் பார்த்தாள், அவர் கையைப் பார்த்தாள், எஞ்சினைப் பார்த்தாள். கேட்கவேண்டியதையெல்லாம் கேட்டாள். கொஞ்சம் அதிகமாகவே கேட்டாள். பிறகு, "போன் பண்ணி உள்ளதைச் சொல்லிடுங்க" என்றாள்.

"சொன்னா வேலை போயிடும்டி."

"சொல்லாம அனுப்பினா? நடுக்கடல்ல நின்னுபோனா அந்த ஏழு பேர் கதி என்ன?"

கிளார்க் அதுவரை தன் உத்தரவைப் பற்றி மட்டுமே நடுங்கிக்கொண்டிருந்தார். இப்போது கரை தெரியாத இடத்தில் ஒரு படகும், அதில் ஒரு மாமியாரும், தண்ணீரைப் பார்த்துக் கத்துகிற குழந்தைகளும் கண்ணுக்குத் தெரிந்தார்கள். இந்தப் பயம் முன்னதைவிட மோசமாக இருந்தது. வேலை போனால் போகட்டும் என்று நிஜமாகவே நினைத்து எண்ணை அழுத்தினார்.

முதல் மணி முடிவதற்குள் மேனேஜர் எடுத்தார். "சொல்லுங்க! என்ன ஆச்சு?"

அந்தக் குரலைக் கேட்டதும் பழைய வாய் தானாகத் திறந்துகொண்டது. "ஒரு மணிக்குத்தானே சார் வர்றீங்க?"

"ஏன்? முடியலையா?" குரல் லேசாக நடுங்கியது. கோபத்தில் நடுங்குகிறது என்று கிளார்க்குக்குப் புரிந்தது.

"முடிஞ்சிடும் சார்!"

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. தொடர்பு அறுந்தது.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "நகருங்க. என் மிஷினை மாசாமாசம் கழட்டிப் பூட்டறது யாரு, நீங்களா? இதுவும் மிஷின்தானே?"

கியர் பெட்டியின் அடிமூடியில் ஆறு ஸ்க்ரூ இருந்தன. ஒவ்வொன்றையும் கழற்றுவதற்கு முன் அவள் போனில் படம் எடுத்துக்கொண்டாள். கழற்றிய வரிசையிலேயே பழைய செய்தித்தாளின் மேல் அடுக்கினாள். ஐந்து வந்தன. ஆறாவது வர மறுத்தது. கிளார்க் தன் ஆயுளில் பட்ட பயத்தையெல்லாம் கையில் கூட்டித் திருக, அதுவும் வந்தது. மூடி இறங்கியது. உள்ளே பல்சக்கரங்களுக்கு நடுவே பாதி ஊசி குறுக்கே கிடந்தது. பக்கத்தில் கவை மாதிரி ஒரு துண்டு தலைகுப்புற விழுந்திருந்தது.

"இதுதான் 'களக்'" என்றார் கிளார்க்.

"பெரிய கண்டுபிடிப்பு. ஊசியை எடுங்க. நான் இதை நிமித்திப் பிடிச்சுக்கறேன். நீங்க அந்த ஸ்க்ரூவை விடுங்க."

விட்டார். ஸ்க்ரூ ஓட்டையைத் தவிர எல்லா இடத்தையும் தொட்டது. "மூச்சை அடக்கிக்கிட்டு விடுங்க" என்றாள். அடக்கினார். முகம் சிவந்து, கண் பிதுங்கி, இனி முடியாது என்கிற நேரத்தில் ஸ்க்ரூ உள்ளே கவையைப் பிடித்தது. இறுக்கினார்.

பிறகு துணியால் எல்லாவற்றையும் துடைத்தார்கள். மூடி ஏறியது. செய்தித்தாளில் எதுவும் மிஞ்சவில்லை என்று இருவரும் இரண்டு முறை பார்த்துக்கொண்டார்கள். கடைக்காரர் சொல்லியிருந்தபடி கீழ் ஓட்டை வழியாகப் புது ஆயிலை ஏற்றினார்கள். குமிழ் விட்டுக்கொண்டே ஏறிய ஆயில், குமிழெல்லாம் அடங்கி மேல் ஓட்டையில் எட்டிப்பார்த்ததும் புது வாஷரோடு முதலில் மேல் ஸ்க்ரூ, உடனே கீழ் ஸ்க்ரூ. மனைவி படகில் ஏறி கியரைப் போட, கிளார்க் விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்தார். முன்னால் பிடித்தது. நடுவில் வழுக்கிக்கொண்டு சுற்றியது. பின்னால் பிடித்தது. காகிதத்தை அடியில் விரித்து அரை மணி நேரம் காவல் இருந்தார்கள். ஒரு பொட்டுக்கூட விழவில்லை. கிளார்க்குக்கு அழுகை வந்துவிட்டது. தன் கையால் ஒரு பொருள் சரியானதை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

சரியாக ஒரு மணிக்குக் கார் வந்தது. டிரைவர் ஒரு பக்கம் இறங்க, மேனேஜர் மறுபக்கம் இறங்கினார். வெயிலில் நடக்காமலேயே சட்டை நனைந்திருந்தது. பையிலிருந்து ஒரு கவர் எட்டிப்பார்த்தது.

"உங்க ஆர்டர்ல கையெழுத்து போட்டுட்டேன். கையோட குடுத்துட்டுப் போகலாம்னு எடுத்துட்டு வந்தேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "என்ன, பிரச்சனைதானே? நான் திட்டமாட்டேன். சும்மா சொல்லுங்க."

கிளார்க் நெஞ்சை நிமிர்த்தினார். "எல்லாம் பக்கா சார்!"

"நல்லாப் பாத்தீங்களா? உள்ள ஏதாவது சத்தம்?"

"இல்ல சார்."

"ஒழுகல்?"

"ஒரு சொட்டு கிடையாது சார். பாருங்க." விசிறியைச் சுற்றிக் காட்டினார். அது அழகாகச் சுற்றியது.

மேனேஜரின் முகத்தில் ரத்தம் வற்றியது. இழுவை வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். போன் அடித்ததும் எடுத்து, "வந்துட்டேன்மா... ஆமா... ஓடுமாம்" என்று ஈனக்குரலில் சொன்னார். பிறகு கிளார்க்கை ஒரு பார்வை பார்த்தார். கவரைப் பையின் அடிவரை தள்ளி, பொத்தானைப் போட்டுக்கொண்டு, காரில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

கிளார்க்குக்கு ஒன்றும் விளங்கவில்லை. வண்டியைக் காரோடு பூட்டிக்கொண்டிருந்த டிரைவரிடம் ஓடினார். "அண்ணே, நான் என்ன தப்பு பண்ணேன்?"

டிரைவர் கார்ப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தண்ணியைக் கண்டாலே நடுங்கற மனுஷன் சார் அவரு, ஊர்ல இத்தனை மெக்கானிக் இருக்க, எப்படியும் இந்த போட் கிளம்பாதுன்னு உங்களைத்தான் மலைபோல நம்பியிருந்தாரு!"