ஒரே ஒரு ‘உம்’

என் மனைவி சித்ராவிடம் ஒரு ‘உம்’ வாங்க எனக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். சோபா மாற்றுவதானாலும் சரி, சொந்தக்காரர்களைக் கூப்பிடுவதானாலும் சரி. அப்படிப்பட்டவளிடமிருந்து ஒரு பனிமலை உச்சியில் கேட்ட மாத்திரத்தில் ‘உம்’ வந்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

குளிர்காலம் வந்தால் கலிஃபோர்னியாவின் பிளசன்டனில் எங்கள் தெருவே பனிச்சறுக்கு விளையாட ஸ்கீ ரிசார்ட்டுக்குப் போய், மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டுக்கு வரிசையில் நிற்கும். எனக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. லிஃப்டே இல்லாத காட்டு மலையில் நடந்து ஏறி, சறுக்கி இறங்குவதுதான் வீரம் என்று முடிவு செய்தேன். (சறுக்கவே முந்தின வருடம்தான் கற்றிருந்தேன்.) அங்கே பனி சரிந்து ஆளை மூடிவிடும் என்பதால், பனியைச் சோதித்துப் பார்க்கச் சொல்லித்தரும் வகுப்புக்கு இருவரும் போனோம். சித்ரா பாடத்தைக் கவனித்தாள். நான் புது ஹெல்மெட்டோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தேன்.

மலை ஏறியதும், சொல்லிக்கொடுத்தபடி பனியில் குழி வெட்டி, தர்பூசணி வாங்குகிறவன் மாதிரி ஷவலால் தட்டிப் பார்த்தேன். இரண்டாவது தட்டிலேயே மேல் அடுக்கு முழுசாக வழுக்கிக்கொண்டு வந்தது.

“பாரு, பர்ஃபி மாதிரி எவ்ளோ நீட்டா கட் ஆகுது!”

“ஏங்க, அப்படி வந்தா டேஞ்சர்னுதானே சொன்னாங்க?”

“அதெல்லாம் பிகினர்ஸுக்கு” என்றபடி சரிவின் விளிம்புக்குப் போனேன். திரும்பிப் பார்க்காமலே, “நான் முதல்ல இறங்கட்டுமா?” என்று கேட்டேன்.

‘உம்ம்’ என்று கனத்த குரலில் பதில் வந்தது. பாவம், சளி பிடித்திருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன்.

பத்தடி போயிருப்பேன். மலையும் என்னோடு கிளம்பிவிட்டது. எல்லாம் ஓய்ந்தபோது மார்புவரை பனி. கை அசையவில்லை, மூச்சு முட்டியது. செத்தோம் என்றே நினைத்தேன். சித்ரா அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும் இறங்கி வந்து தோண்ட ஆரம்பித்தாள்.

“நீதானே ‘உம்’னு சொன்னே?” என்றேன். (வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.)

ஷவல் நின்றது. “நான் வாயே தொறக்கலை! அடியில இருக்கிற லேயர் உடைஞ்சா பனிதான் அப்படி சத்தம் போடும், கேட்டா உடனே திரும்பிடுங்கன்னு கிளாஸ்ல படிச்சுப் படிச்சு சொன்னாங்களே! அப்ப எங்க போயிருந்தீங்க?”

செல்ஃபியைப் பற்றிச் சொல்லவில்லை. அவள் பாதிதான் தோண்டியிருந்தாள்.

இப்போதெல்லாம் நான் எதையாவது கேட்டு, சித்ரா ‘உம்’ என்றால் போதும், என் மகள் ஹோம்வொர்க்கிலிருந்து தலைதூக்காமலே, “அப்பா, வாஸ் தட் அம்மா ஆர் தி ஸ்னோ?” என்பாள். நானும் எழுந்து போய், சித்ராவின் முகத்துக்கு நேரே நின்று, இன்னொரு முறை கேட்பேன்.

இரண்டாவது முறை அவள் ‘உம்’ சொல்வதில்லை. வீட்டில் இன்னும் அந்தப் பழைய சோபாதான்.