சௌந்திரம் துர்க்கம் ஏறிய விவரம்

சங்ககிரி,
தாது வருஷம் ஆடி மாதம் 12ந் தேதி.

பனமரத்துப்பட்டி மகா கனம் பொருந்திய மச்சான் மயில்சாமிக் கவுண்டர் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை சௌந்திரத்தின் வீட்டுக்காரன் ராசப்பன் இரு கரமும் கூப்பி எழுதிக்கொண்டது. இங்கே ஆடு மாடு முதல் அனைவரும் நலம். உங்கள் ஏரியில் தண்ணீரும் வீட்டில் சந்தோஷமும் குறையாதிருக்க அர்த்தநாரீசுவரர் அருள்வாராக.

நிற்க. துர்க்கத்துக் கோட்டை மலையிலிருந்து நம் வீட்டு ஆளை டோலியில் இறக்கினார்கள் என்று சந்தைக்கு வந்த யாரோ சொல்லக் கேட்டு, நீங்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டதாகவும், பங்காளிகளைத் திரட்டிக்கொண்டு வரப்போவதாகவும் தெரிந்து பதறிவிட்டேன். சௌந்திரம் சுகமாக இருக்கிறாள். இதை எழுதும்போது கொல்லையில் எருமையை அதட்டிக்கொண்டிருக்கிறாள். அந்தச் சத்தத்தை உறையில் போட்டு அனுப்ப முடியுமானால் இந்தக் கடிதமே தேவைப்படாது.

நடந்தது இதுதான். தை மாதம் மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு சௌந்திரத்துக்கு அடிக்கடி மயக்கம் வந்ததும், அஸ்தம்பட்டி டாக்டர் ரப்பர் குழாயை நெஞ்சில் வைத்துப் பார்த்து, இதயம் பலவீனம், பரண் ஏணியில்கூட ஏறக் கூடாது என்று சொன்னதும் உங்களுக்குத் தெரியும். அன்று கட்டிலில் படுத்தவள்தான். கஞ்சியும் மருந்தும் விசிறியுமாக நான் பக்கத்திலேயே கிடந்தேன். போன வாரம் ஒரு காலையில் ஜன்னல் வழியாக மலையையே பார்த்துக்கொண்டிருந்தவள், "ஏனுங்க, இந்த ஊட்டுக்கு வந்ததுலருந்து அந்தக் கோட்டயக் கீழ நின்னு அண்ணாந்தே பாத்துட்டிருக்கறேன். போய்ச் சேர்றதுக்குள்ள ஒருக்கா மேல நின்னு கீழ பாத்துடறனுங்க" என்றாள். மறுத்தால் அந்த ஏக்கத்திலேயே ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். கூட்டிப் போனாலும் பயம். கடைசியில், நாற்காலியில் மூங்கில் கட்டி டோலி செய்து, பண்ணை ஆள் மாதையனையும் அவன் தம்பி ஆண்டியையும் தூக்கச் சொல்லி, மருந்துப் புட்டி, விசிறி, குடை, இளநீர் சகிதம் கிளம்பிவிட்டேன்.

கோட்டையின் முதல் வாசல் வரை ஒழுங்காகத்தான் போயிற்று. அதற்கு மேல் படி செங்குத்து. மாதையன் நின்று மூச்சு வாங்கினான். சௌந்திரம் டோலியை இறக்கச் சொன்னாள். "பாவமுங்க, ரெண்டு பேருக்கும் நாக்குத் தள்ளுது. அடுத்த வாசல் வரைக்கும் நடந்துக்கறேன்." "வேண்டாம் புள்ள, டாக்டர் சொன்னது மறந்து போச்சா?" என்றேன். "டாக்டர் ஏணியத்தான் ஏறக் கூடாதுன்னாரு. இது படியுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அடுத்த வாசலில் உட்காருவாள் என்று பார்த்தேன், உட்காரவில்லை. அதற்கடுத்த வாசலில் உட்கார்ந்தது நான். நில் என்று கத்த நெஞ்சில் காற்றில்லை. காலி டோலியோடு என்னைத் தாண்டிப் போன ஆண்டி, "ஏறிக்கறீங்களா சாமி?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். முறைத்து அனுப்பினேன்.

கடைசி வாசலைத் தாண்டிப் பார்த்தால் அவளையும் காணோம், டோலியையும் காணோம். இடிந்த மதில், கூரை போன பழைய களஞ்சியம், கள்ளி, ஆளைத் தள்ளும் ஆடிக் காற்று, இவ்வளவுதான் அங்கே. மதிலுக்கு அந்தப் பக்கம் தலை சுற்றும் பள்ளம். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். இடிந்த சுவர்தான் திருப்பிச் சொன்னது. மச்சான், ஊட்டுக்குப் போய் அந்தக் காலிக் கட்டிலை எப்படிப் பார்ப்பது, மகளுக்கு என்ன சொல்வது, உங்கள் முகத்தில் எப்படி முழிப்பது, எல்லாம் ஒன்றாக வந்து மோதியது. அவள் கிடைத்துவிட்டால் எனக்கும் மொட்டை, உங்களுக்கும் மொட்டை என்று திருச்செங்கோட்டுக்கு வேண்டிக்கொண்டேன். உங்கள் மொட்டையைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம்.

அப்போது தலைக்கு மேலிருந்து குரல் வந்தது. "ஏனுங்க, இங்க வாங்க. நம்மூட்டுக் கெணறு தெரியுது. கெழக்கால நீங்க அடைக்காம உட்ட வேலி கூடத் தெரியுது." மதில் உச்சியில், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். கல்யாணத்தன்றுகூட அந்த முகம் அப்படி இருந்ததில்லை. நான் ஓடினேன். கல் புரண்டது, கணுக்கால் பிசகியது, குடை பள்ளத்தில் பறந்தது, மருந்துப் புட்டி தூளாயிற்று. விழுந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. வலியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தைத் துடைத்து, "நானெங்கீங்க போயிடப் போறேன்" என்றாள்.

ஆக, டோலியில் இறங்கியது நான். அடிவாரத்தில் சந்தைக் கூட்டம். "கவுண்டருக்கு எத்தன நாளா முடியலீங்க?" என்று ஒரு வெற்றிலை வியாபாரி கேட்க, பக்கத்தில் நடந்து வந்தவள், "காலம்பர நல்லாத்தான் இருந்தாருங்க" என்றாள். இரண்டு நாள் கழித்து டாக்டர் மறுபடியும் குழாய் வைத்துப் பார்த்து, இதயம் கல்லுப் போல இருக்கிறது என்று சொல்லி, பெருமையைத் தன் மருந்துக்கே வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும். ஆறு மாதத்தில் அன்றுதான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

ஆகையால் நீங்கள் ஒருவரும் புறப்பட வேண்டியதில்லை. இனி இந்தக் குடும்பத்தில் மலை என்ற பேச்சே எடுப்பதில்லை என்று நாங்கள் இருவரும் ஏகமனதாகத் தீர்மானித்துவிட்டோம். உங்கள் வீட்டுக்காரி தங்கை பொன்னாத்தாளுக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். உங்கள் காடு விளைந்து களம் நிறையட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத
ராசப்பன்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். வாசலில் இப்போது இரண்டு கூண்டு வண்டி வந்து நிற்கிறது. உள்ளே முழுக்கப் பெண்கள். ஆடிப் பதினெட்டுக்குக் கொல்லிமலை ஏறப் போகிறார்களாம். வழிகாட்டி சௌந்திரமாம். "உனக்கு அந்த மலையில பாதை தெரியுமா?" என்று கேட்டேன். "மேல போற பாதைதானுங்களே" என்கிறாள். ஆண்கள் வந்தால் தூக்க ஆள் தேட வேண்டியிருக்கும் என்று ஒருவரையும் சேர்க்கவில்லை. மேலே கண்ட எதையும் கணக்கில் கொள்ளாமல் உடனே புறப்பட்டு வரவும். பங்காளிகள் அத்தனை பேரும் வரட்டும்.