சேர விரும்புவதற்கான காரணங்கள்

ஹோட்டலுக்குப் போனது தப்பான தாள் என்று கீவானுக்குத் தெரிந்தபோது மணி பத்தேகால். சரியான தாள் அவர் மேசையிலேயே, ஒரு கோப்புக்கு அடியில், முத்திரையெல்லாம் குத்தப்பட்டு மடிப்புக் கலையாமல் கிடந்தது.

"ஷொஹ்ரே மேடம், காலைல அனுப்பின கவர்ல எதை வெச்சீங்க?"

"மேசைமேல இருந்ததை."

"மேசைமேல ரெண்டு இருந்துச்சே."

"மேலே கிடந்ததை வெச்சேன். ரெண்டு எழுதி வெச்சா எது எதுன்னு சொல்லிட்டுப் போகணும்," என்றாள் தட்டச்சுக்காரி ஷொஹ்ரே. தட்டச்சை நிறுத்தவில்லை.

கீவான் மெதுவாக உட்கார்ந்தார்.

கீவான் நிக்பக்த் தெஹ்ரானில் ஒரு சின்ன ஆய்வு நிலையத்தில் பதினெட்டு வருடமாக அறிக்கை எழுதுகிறவர். அவருக்கு ஒரு பழக்கம். எதைப் பற்றி எழுதச் சொன்னாலும் முதலில் மனசில் பட்டதை அப்படியே ஒரு தாளில் கொட்டிவிடுவார். பிறகு அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெளியே அனுப்பும்படியாக இன்னொன்று எழுதுவார். உண்மை என்னவென்று எழுதிப் பார்த்தால்தான் எதையெல்லாம் சொல்லக்கூடாது என்று தெரியும் என்பது அவர் கட்சி. முதல் தாளை மறக்காமல் கிழித்துப் போட்டுவிடுவார். நேற்று மறந்துவிட்டார்.

இந்தத் தடவை விஷயம் பெரியது. சீனா, ரஷ்யா எல்லாம் இருக்கிற ஷாங்காய் அமைப்பில் நாடு பதினோரு வருடமாகப் பார்வையாளராகவே உட்கார்ந்திருந்தது. உறுப்பினராக வேண்டுமானால் உள்ளே இருக்கிற அத்தனை பேரும் சரி என்று சொல்ல வேண்டும். அதில் தஜிகிஸ்தானின் மனநிலையை அறிந்துகொள்ள, அங்கிருந்து கரோமதோவ் என்ற மூத்த அதிகாரியை நிலையம் அழைத்திருந்தது. பிற்பகல் இரண்டு மணிக்குக் கூட்டம். நாம் ஏன் சேர விரும்புகிறோம் என்று ஒரே பக்கத்தில் எழுதி, கூட்டத்துக்கு முன்பே அவர் கையில் சேர்க்கச் சொல்லியிருந்தார் இயக்குநர் தௌலத்யாரி.

சேர்த்தாகிவிட்டது. 'எங்களுக்குப் போக வேறு வீடு இல்லை' என்று தொடங்கும் பக்கத்தை.

கீவான் ஹோட்டலுக்குப் போன் போட்டார்.

"அந்தக் கவரா? காலைச் சாப்பாட்டப்பவே குடுத்தாச்சு," என்றான் வரவேற்பாளன்.

"பிரிச்சிட்டாரா?"

"பிரிச்சு எவ்வளவோ நேரமாச்சு. அவரும் கூட வந்த அம்மாவும் மாத்தி மாத்திப் பாக்கறாங்க. டீ ஆறிப்போய் ரெண்டு தடவை மாத்தி வெச்சோம்."

கீவான் குரலைத் தாழ்த்தினார். "நீங்க ஒண்ணு பண்ணுங்க. கவர் மாறிப்போச்சாம், திருப்பிக் கேக்கறாங்கன்னு சொல்லி வாங்கி வெச்சிடுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

நாலு நிமிடம் கழித்து வரவேற்பாளன் வந்தான்.

"கேட்டேன், தரலை. திருப்பிக் கேக்கற அளவுக்கு இதுல என்ன இருக்குன்னு சொல்லிட்டு, கோட்டுக்குள்ள வெச்சுப் பொத்தான் போட்டுக்கிட்டார்."

கீவான் போனை வைத்தார். போன வருடம் ஒரே ஒரு வாக்கியத்துக்காகப் பக்கத்து அறை அஃப்ஷீனை நூலகத்தின் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். இன்னும் மேலே வரவில்லை. ஒரு வாக்கியத்துக்கே அப்படி என்றால் ஒரு பக்கத்துக்கு என்ன செய்வார்கள்?

சரியான தாளை உடனே அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தார். 'முன்பு வந்ததைத் தயவுசெய்து பொருட்படுத்த வேண்டாம்' என்று ஒரு வரியும் எழுதி, நிலையத்து டிரைவரிடம் கொடுத்தனுப்பினார். அனுப்பிய பிறகுதான், பொருட்படுத்தாதே என்று சொன்னால் எவனும் அதைத்தான் எடுத்துப் பொருட்படுத்துவான் என்று உறைத்தது. அதற்குள் டிரைவர் தெருமுனை தாண்டியிருந்தார்.

பதினொன்றேகாலுக்கு இயக்குநரே அறைக்குள் வந்தார். தௌலத்யாரி எந்தப் பல்கலைக்கழகத்தில் டாக்டரானார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"கீவான், கரோமதோவோட உதவியாளர் இப்பதான் பேசினாங்க. நம்மகிட்டேருந்து ரெண்டு தாள் போயிருக்காமே? ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு கேக்கறாங்க."

"பெரிசா ஒண்ணுமில்லை, டாக்டர். முதல் தாள்ல ஒரு எழுத்துப்பிழை."

"எந்த வார்த்தைல?"

கீவான் கொஞ்சம் யோசித்தார். "பரவலா."

"சரி விடு. ரெண்டு மணிக்கு ரெண்டையும் மேசைமேல வெச்சு, வாய்விட்டுப் படிச்சுடலாம்னு சொல்லிட்டேன். அமைச்சகத்துலேருந்தும் மூணு பேர் வர்றாங்க. நம்மகிட்ட மறைக்க என்ன இருக்கு?" என்றவர், கீவான் கோட்டை மாட்டுவதைப் பார்த்தார். "எங்க கிளம்பிட்ட?"

"பல்வலி, டாக்டர்."

ஹோட்டலுக்குப் போகும் டாக்ஸி வலியஸ்ர் சாலையில் நத்தையாக ஊர்ந்தது. ஓட்டியவர் நரைமீசைக்காரர். கண்ணாடி வழியாகவே பேசினார்.

"வேலை எங்க?"

"ஒரு ஆய்வு நிலையத்துல. ஷாங்காய் அமைப்புல நம்ம நாடு சேர்றது சம்பந்தமா."

"அப்ப ஒண்ணு கேக்கலாம். நம்மளை எவனாவது அடிச்சா அவங்கல்லாம் ஓடி வருவாங்களா?"

"வரமாட்டாங்க."

"பணம் தருவாங்களா?"

"அதுக்கில்லை அது."

"அப்புறம் என்னத்துக்குச் சேரணும்?"

கீவான் வாயைத் திறந்தார். முத்திரை குத்திய தாளில் இருந்த வாக்கியங்கள் வரிசையாக நினைவுக்கு வந்தன. பிராந்திய நிலைத்தன்மை, பரஸ்பர மதிப்பு, பல்துருவ உலகம். வண்டிக்குள் அவற்றைச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"நான் ஒரு தடவை அந்த மாநாட்டுக்குப் போயிருக்கேன்," என்றார். "பார்வையாளருக்கெல்லாம் கடைசி வரிசை. உறுப்பினர் நாற்காலிக்கு முன்னாடி மைக் இருக்கும். நமக்குத் தண்ணி பாட்டில் மட்டும். போட்டோ எடுக்கறப்ப, 'நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க'ன்னாங்க. தள்ளி நின்னோம். படம் வந்தப்ப எங்க ஆளோட தோள் மட்டும் தெரிஞ்சுது."

சிக்னலில் நரைமீசைக்காரர் முதல் தடவையாகக் கண்ணாடியை விட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"அப்படின்னா சேர வேண்டியதுதான்," என்றார்.

ஹோட்டல் முகப்புக்கூடத்தில் கரோமதோவ் அகலமான தோளோடு ஒரு சோபாவை நிறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் இருந்த மேசையில் இரண்டு தாள்களும் பக்கம் பக்கமாக விரித்து வைக்கப்பட்டிருந்தன. அவருடைய உதவியாளர் நிகோரா, நாற்பது வயதுப் பெண், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க, உக்காருங்க," என்றார் கரோமதோவ். "இதை எழுதினது நீங்கதானா?"

"நான்தான். அதுக்கு மன்னிப்புக் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

"மன்னிப்பு எதுக்கு?"

பூனை எலியை உருட்டிப் பார்க்கிறது என்று கீவானுக்குத் தோன்றியது. அந்த விளையாட்டைத் தாங்கும் தெம்பு அவருக்கு இல்லை. எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொல்லித் தொலைத்துவிடலாம் என்று முடிவு செய்தார்.

"முதல்ல, 'எங்களுக்குப் போக வேறு வீடு இல்லை'ன்னு ஆரம்பிச்சதுக்கு."

கரோமதோவ் நிகோராவைத் திரும்பிப் பார்த்தார். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

"ம்," என்றார் கரோமதோவ். "அப்புறம்?"

"மேற்கே இருக்கிறவங்க கதவைச் சாத்திட்டாங்க, தெற்கே இருக்கிறவங்க ஜன்னலையும் சேத்துச் சாத்திட்டாங்கன்னு எழுதினது. அது கொஞ்சம் மிகை. ஒண்ணு ரெண்டு ஜன்னல் திறந்துதான் இருக்கு."

"எந்தெந்த ஜன்னல்?"

கீவான் சொன்னார். நிகோரா எழுதிக்கொண்டாள்.

"அந்த மூணாவது பத்தி," என்றார் கீவான், தாளைப் பார்க்காமலே. "எங்களை அடிச்சா உங்க அமைப்பு உதவிக்கு வராது, கவலை தெரிவிச்சு ஒரு அறிக்கை மட்டும் விடும்னு எழுதியிருக்கேன். அது உங்களைக் குறைச்சுச் சொல்லணும்னு இல்லை. உள்ள ஒரு நாற்காலி இருந்தா, எங்களைக் கண்டிச்சு எந்த அறிக்கையும் வராதேன்னுதான். எல்லாரும் ஒத்துக்கிட்டாத்தானே உங்ககிட்ட எதுவும் வெளிய வரும். நாங்க ஒருத்தர் தலையை ஆட்டாம உக்காந்திருந்தாப் போதும்."

"கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க," என்றாள் நிகோரா.

கீவான் மெதுவாக இன்னொரு தடவை சொன்னார். குற்றவாளி தன் வாக்குமூலத்தைத் தானே சொல்லி எழுதவைக்கிற மாதிரி இருந்தது அவருக்கு. ஆனால் பாதிக்கு மேல் வந்தாகிவிட்டது. கடைசிப் பத்தி மட்டும்தான் பாக்கி. அதுதான் அவரைக் காலையிலிருந்து தின்றுகொண்டிருந்தது.

"கடைசியில உங்க நாட்டைப் பத்தி எழுதினதுக்கு..." என்று நிறுத்தினார்.

கரோமதோவ் முன்னால் சாய்ந்தார். "அதைச் சொல்லுங்க."

"உங்க சம்மதத்துக்கு ஒரு மலைப்பாதை போட்டுக் குடுத்தா போதும், மேல ரெண்டு பெட்டி பிஸ்தான்னு எழுதினது. அது எழுதியிருக்கக் கூடாது. நான் அப்படிப்பட்டவன் இல்லை. எழுதறப்ப மணி நாலு, பசி."

"எத்தனை பெட்டி?"

"ரெண்டு."

"மலைப்பாதைக்கு எவ்வளவு நீளம் போட்டிருக்கீங்க?"

"நீளம் போடலை," என்றார் கீவான் தலையைக் குனிந்துகொண்டு.

கரோமதோவ் எழுந்து, கீவானின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார்.

"முப்பது வருஷமா இந்த மாதிரிக் கூட்டங்களுக்குப் போறேன். இவ்வளவு தெளிவா ஒருத்தரும் எனக்கு எடுத்துச் சொன்னதில்லை. நன்றி. நான் ஊருக்கு ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு லிஃப்ட் பக்கம் நடந்தார்.

கீவான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை. கத்தவில்லை. நன்றி என்கிறார். காலையிலிருந்து இறுகிக் கிடந்த தோள் கொஞ்சம் தளர்ந்தது. உள்ளதைச் சொன்னால் மனிதர்கள் மதிக்கத்தான் செய்கிறார்கள் என்று ஒரு நிமிடம் நினைத்தும்விட்டார்.

நிகோரா நோட்டை மூடி, இரண்டு தாள்களையும் மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"கோபமா இருப்பார்னு பயந்துக்கிட்டே வந்தேன்," என்றார் கீவான் அவளிடம். "காலைல படிச்சப்பவே கோபமெல்லாம் வந்து தணிஞ்சிருக்கும்போல."

"படிச்சப்பவா?" என்றாள் நிகோரா. "பேச்சுதாங்க நமக்கு ஒண்ணு. நாங்க பள்ளிக்கூடத்துல படிச்சது ருஷ்ய எழுத்து. உங்க எழுத்து எங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. யாராவது வந்து இதுல என்ன இருக்குன்னு சொல்லமாட்டாங்களான்னு காலைலேருந்து காத்துக்கிட்டிருந்தோம்."