சோலைமலை ஜன்னலுக்குப் போர் தொடுத்த படலம்

வாழ்க சோலைமலை! அக்கரப்பத்தனை ஈன்ற அருமணி, களிமண் பிசைந்து காய்த்த கரத்தான், சூளை நெருப்புக்கு அஞ்சா நெஞ்சத்தான், குளிருக்கு மட்டும் அஞ்சி இரண்டு சுவெட்டர் அணியும் கோமகன் வாழ்க! பதினொரு சாடிகளைச் சூளையில் இட்டு, பத்தை வெடிக்கக் கொடுத்து, தப்பிய ஒரே தவப்புதல்வனாம் பச்சைச் சாடியைத் துணிப்பையில் தாங்கி, தன் முதல் கண்காட்சிக்கு அவன் எழுந்தருளிய ஞாயிற்றுக்கிழமைக் காலையைப் பாடுவோம். தேத்தண்ணி ஆறுவதற்குள் பாடி முடித்துவிடலாம்.

போர்க்களமோ, முன்னாளில் தேயிலைக் கொழுந்தை எடைபோட்ட மடுவம் என்னும் கொட்டகை. இந்நாளில் வெள்ளையடிக்கப்பட்டுக் கலைக்கூடம் என்று பெயர் பெற்றது. கதவு ஒன்று, ஜன்னல் ஒன்று, ஜன்னலடியில் மேசை ஒன்று. காலை வெயில் அந்த மேசையில் மட்டுமே விழும். வெயில் பட்டால் சாடியின் பச்சைக்குள்ளிருந்து ஒரு நீலம் எழும். அதைக் கண்டவன் ஈரேழு உலகிலும் சோலைமலை ஒருவனே. நாலு பேர் அதைப் பார்க்க வேண்டுமென்று நாலு மாதமாகச் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை, பாவம்.

ஆயினும் அம்மேசைமேல் கண் வைத்தவள் இன்னொருத்தியும் இருந்தாள். பூண்டுலோயாவின் கண்ணாடிக் கொற்றவை நாகலெட்சுமி! உடைந்த போத்தல்களை உருக்கி முப்பது கொழுந்திலைகள் வார்த்தவள். வெயில் படாவிட்டால் அவை திரும்பவும் வெறும் போத்தல்தான். முதலில் மேசையைத் தொடுபவருக்கே மேசை என்று முந்தின நாளே பேசி முடித்திருந்தார்கள்.

எட்டு மணிக்குக் கதவு திறந்தது. மின்னலென நுழைந்தாள் நாகலெட்சுமி. பின்னே பாய்ந்தான் நம் வீரன். அந்தோ! இருவருக்கும் நடுவே, மலை சுமந்தவனாய் ஆறடி ஓவியம் ஏந்தி வந்த ஓவியன் விஜிதரன், வாசலில் குறுக்கே சிக்கிக்கொண்டான்.

"கொஞ்சம் சாய்ங்கண்ணே!" என்று முழங்கினான் சோலைமலை.

"சாய்ச்சா ஒட்டிக்கும்! பெயின்ட் இன்னும் காயல!" என்று எதிர்முழக்கம் செய்தான் விஜிதரன்.

வாயில் அடைபட்டால் வீரன் மயங்குவானோ? மடுவத்தைச் சுற்றி ஓடினான். திறந்த ஜன்னல் தெரிந்தது. அந்த நொடியில், ஹட்டன் பஸ் நின்றும் நில்லாமலும் இருக்கையிலேயே ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு சீட் பிடித்துப் பிடித்துப் பழகிய அவன் வலக்கரம், மூளையிடம் ஒரு வார்த்தை கேளாமல், தோளுயர உயர்ந்து, இலக்கு நோக்கி, "ஆளிருக்கு!" என்னும் வீரமுழக்கத்துடன் பையை வீசிவிட்டது. பை பறந்த பிறகுதான் பைக்குள் இருப்பது என்னவென்று அவனுக்கு ஞாபகம் வந்தது.

"ஐயோ, எஞ் சாடி!"

அட பாவி மனுசா! பஸ்ஸில் போட்டது சோற்றுப்பை அல்லவா!

முதல் இலையை மேசையில் வைக்கக் குனிந்த நாகலெட்சுமி அக்குரல் கேட்டு நிமிர்ந்தாள். இலையை விட்டாள். இரு கையாலும் பையைப் பிடித்து மார்போடு அணைத்தாள். 'கிளிங்' என்று ஒரு சத்தம் கேட்டது. சாடியின் சத்தமல்ல அது.

"சாடிக்கு ஒன்னும் ஆகல, இந்தாங்க," என்று பையை ஜன்னல் வழியே நீட்டியவள், அப்புறந்தான் தரையைப் பார்த்தாள். "வெளையாடுற எடமாங்க இது?"

முப்பது இப்போது இருபத்தொன்பது. சோலைமலைக்கு வெட்கம் வெட்கமாக வந்தது. ஆயினும் வீரன் வீரனே! ஜன்னல் சட்டத்தைப் பற்றி நின்று, எட்டுத் திசைப் பச்சைமலைகளும் கேட்கப் பிரகடனம் செய்தான்.

"மேச ஒங்களுக்குத்தாங்க! வெயிலும் ஒங்களுக்குத்தான்!"

சொன்னபடியே, தன் நீலத்தை நெஞ்சுக்குள் புதைத்து, தவப்புதல்வனை இருள்மூலையில் அமர்த்தி, நூலும் ஆணியும் கொண்டு இருபத்தொன்பது இலைகளையும் அவன் தன் கையாலேயே ஜன்னலில் தொங்கவிட, விஜிதரனும் ஒருவழியாக உள்ளே வந்து சேர, மூவரும் தோளோடு தோள் நின்று, செங்கதிரோன் தேரேறி வந்து அவ்விலைகளைத் தீண்டப்போகும் திருக்கணத்தை நோக்கி விழி இமையாது காத்திருந்தனர்.

மூடுபனி இறங்கி, ஒன்பது மணிக்கே லைட்டைப் போட வேண்டியதாகிவிட்டது.