பாரிஸ் பெரியப்பாவுக்கு நான் சமைத்த கூஸ்கூஸ்

உலகத்துச் சாப்பாடுகளைப் பற்றி அதிகாரத்தோடு பேச வெளிநாடு போயிருக்க வேண்டும் என்றில்லை. ஒரு கைபேசியும், கேட்டுத் தொலைக்க இரண்டு நண்பர்களும் போதும். இருபத்தெட்டு வயதில் என்னிடம் இரண்டும் இருந்தன. சண்டிலிப்பாயை விட்டு நான் போன ஆகத் தூரமான இடம் கொழும்பு (அதுவும் அடையாள அட்டை திருத்த). ஆனால் இத்தாலிக்காரர் மா குழைப்பதில் விடுகிற பிழைகளெல்லாம் எனக்கு அத்துப்படி.

அந்த நாட்களில் கவிதாவை நான்கு வருடமாகக் காதலித்துக்கொண்டிருந்தேன். தெல்லிப்பழையில் அவள் ஆசிரியை. தகப்பன் இல்லை. படிப்பித்து ஆளாக்கியது பாரிசில் இருந்த பெரியப்பா. அவர் ஓம் என்றால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை. ஊருக்கு வந்திருந்த அவர் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக முடிவாயிற்று.

“பெரியப்பாவுக்குப் புளுகிற ஆக்களைக் கண்ணிலையும் காட்டக்கூடாது. வாயைக் கொஞ்சம் மூடிக்கொண்டிருங்கோ, சரியே?” என்று கவிதா தொலைபேசியில் கெஞ்சினாள்.

வாயை மூடிக்கொண்டு சமைத்தே அவரை மடக்குவது என்று தீர்மானித்தேன். (வாய் விஷயம் அன்றிரவே மறந்துவிட்டது.) வட ஆபிரிக்காக்காரரின் கூஸ்கூஸ் பாரிசில் தெருவுக்குத் தெரு கிடைக்கும் என்று கைபேசி சொன்னது. வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாட்டுக்கும் தோதானது. கொழும்புக்குப் போன நண்பனைக் கொண்டு இரண்டு பைக்கற் வாங்குவித்தேன்.

அம்மா ஒரு பைக்கற்றை உடைத்துக் கையில் கொட்டிப் பார்த்தார்.

“உது ரவையெல்லோ தம்பி?”

“ரவை இல்லையம்மா. கூஸ்கூஸ்.”

“என்ன பேரோ! உரொட்டி சுடுற ரவைதான். பொறு, நீத்துப்பெட்டியிலை அவிச்செடுக்கிறன்.” பனையோலையில் பின்னிய, புட்டு அவிக்கிற அந்தப் பெட்டியை எடுக்கவே போய்விட்டார்.

“அம்மா! உலகத்துச் சாப்பாடு முழுக்க உங்களுக்குப் புட்டுத்தானோ? கொதிதண்ணி ஊத்தி மூடிவிட்டால் காணும். பைக்கற்றிலை போட்டிருக்கு.”

“மூடிவிட்டால் பசைதான் வரும்.”

“உங்களுக்கு உதுகள் விளங்காது. தயவுசெய்து வெளியிலை போங்கோ.”

நாற்பது வருடமாக அவர் சமைத்த குசினியிலிருந்து அம்மாவை வெளியே அனுப்பினேன். இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது. அன்று சுடவில்லை, பெருமையாக இருந்தது.

பெரிய சட்டியில் கூஸ்கூஸைக் கொட்டி, கண்மதிப்பில் கொதிதண்ணீர் ஊற்றி மூடினேன். பிறகு வேட்டி மாற்றப் போனேன். வேட்டிக்கு எந்த சேர்ட் என்று கண்ணாடியோடு நீண்ட ஆலோசனை நடத்திவிட்டு வந்து மூடியைத் திறந்தால், கூஸ்கூஸ் இல்லை. சட்டியின் அளவில் வெள்ளையாக ஒரு கல் இருந்தது. கரண்டியைக் குத்தினேன். கரண்டி நின்றது.

அதே நேரம் பெரியப்பாவையும் கவிதாவையும் ஏற்றி வந்த ஓட்டோவும் வாசலில் நின்றது.

வேறு யாராவது என்றால் அழுதிருப்பார்கள். நான் கத்தியை எடுத்துத் துண்டு போட்டேன். பூசணியும் கரட்டும் கடலையும் போட்ட கறியை மேலே ஊற்றிக் கொண்டுபோய் வைத்து, யாரும் கேட்காமலே விளக்கமும் கொடுத்தேன்.

“இதை வட ஆபிரிக்காவிலை இப்பிடித்தான் பெரியப்பா, கட்டியாக்கி வெட்டிச் சாப்பிடுறவை. பாலைவனப் பயணத்துக்கு வசதி.”

கவிதா கண்ணை மூடிக்கொண்டாள். பெரியப்பா வாயில் வைத்த துண்டை வெகுநேரம் மென்றார். விழுங்கினார். தண்ணீர் குடித்தார்.

“தம்பி உதை ஆரிட்டைப் பழகினனீர்?”

“நானாத்தான்...”

“நல்லது. நான் அங்கை இருபத்திரண்டு வருசம் ஒரு அல்ஜீரியாக்காரன்ரை குசினியிலை வேலைக்கு நிண்டனான். அவன்ரை தாய் கையாலை பிசிறிப் பிசிறி, ஓட்டைச்சட்டியிலை மூண்டுதரம் அவிக்கிறவா. அவவுக்கு இந்த வெட்டிற முறை தெரியாமல் போட்டுது.”

தரை பிளக்கும் என்று காத்திருந்தேன். பிளக்கவில்லை. குசினிப் பக்கத்திலிருந்து அம்மா வந்தார். கையில் நீத்துப்பெட்டி, ஆவி பறந்தது. நான் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மற்றப் பைக்கற்றை அவர் தண்ணீர் தெளித்துப் பிசிறி, துருவின தேங்காய்ப்பூவும் தூவி, வீட்டுப் பின்கோடியில் அடுப்பு மூட்டி அவித்திருக்கிறார். நேரே பெரியப்பாவின் சாப்பாட்டுக் கோப்பையில் உதிர்த்தார்.

பெரியப்பா கையால் அளைந்து பார்த்தார். ஒரு வாய் வைத்தார். பிறகு அவர் பேசின குரலே வேறு.

“இதுதான். வெள்ளிக்கிழமையெண்டால் எங்களெல்லாருக்கும் அந்த மனிசி இப்பிடித்தான் அவிச்சுத் தாறவா. இந்தத் தேங்காய்ப்பூ மட்டுந்தான் கூட. தங்கச்சி, நீங்கள் எங்கை பழகினனீங்கள்?”

“பழகுறதோ? ரவைப் புட்டுத்தானே அண்ணை.”

மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டார். என் துண்டுகளைக் கோழியும் தொடவில்லை. போகும்போது வாசல் படலையில் நின்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார்:

“பெடியனைப் பற்றி எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. எங்கடை பிள்ளையை உங்களை நம்பித்தான் தாறன், தங்கச்சி.”

கல்யாணமாகி ஆறு வருடமாகிறது. பெரியப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் பாரிசிலிருந்து அழைத்து அம்மாவோடு ஒரு மணித்தியாலம் கதைப்பார். நான் இருக்கிறேனா என்று கேட்பது கடைசியில்தான், அதுவும் நேரம் இருந்தால். எங்களுடையது காதல் கல்யாணமா, பேசிச் செய்ததா என்று யாராவது கேட்டால் கவிதா யோசிக்கவே மாட்டாள்.

“பேசித்தான் செய்தது. என்னை மாமிக்குப் பேசினவை. இவர் வீட்டிலை முதலே இருந்தவர்.”