தையல் எண்ணிக்கை: இல்லை

இடுப்புவலியும் ஒரு நோய்தான் என்று மேலிடம் பெரிய மனசு பண்ணி ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால் அதற்கு விடுப்பு வேண்டுமென்றால், விண்ணப்பத்தின் பதினான்காம் கட்டத்தில் 'தையல்களின் எண்ணிக்கை' என்ற இடத்தை நிரப்ப வேண்டும். தையல் இல்லையென்றால் அறுவை இல்லை. அறுவை இல்லையென்றால் சிகிச்சை இல்லை. சிகிச்சையே இல்லாதபோது வலி ஏது? இந்தத் தெளிந்த சிந்தனையை விடுப்புப் பிரிவு எழுத்தர் ஒன்பது வருஷமாகக் கட்டிக் காத்து வந்தார். நூற்று நாற்பத்து மூன்று விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியவர். ஒவ்வொன்றிலும் 'திருப்பி அனுப்பப்படுகிறது' என்று எழுதிக் கை வலிக்கக் கூடாதென்று, அதற்கென ஒரு ரப்பர் முத்திரையே செய்து வைத்திருந்தார்.

அப்பேர்ப்பட்டவருக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒரு வருஷம். மூன்று வயது மகள் கையைத் தூக்கிக்கொண்டு வந்து "அப்பா, தூக்கு" என்பாள். "நாளைக்கும்மா" என்பார். போன வாரம் அவரிடம் கேட்காமலேயே அம்மாவிடம் போய்விட்டாள். மனுஷருக்கு வலியைவிட அதுதான் தாங்கவில்லை.

மனைவி அவரை ஓர் ஆஸ்டியோபதி டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே கத்தியும் கிடையாது, ஊசியும் கிடையாது. டாக்டரம்மா கையாலேயே முதுகைத் தடவி, அழுத்தி, காலை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"ஆபரேஷன் வேண்டாம். வாரம் ரெண்டு நாள் காலையில வாங்க, ஆறு வாரம். நிறைய நடங்க. அப்புறம் பாப்பாவைத் தாராளமாத் தூக்கலாம்."

"ஒரே ஒரு தையலாவது போடக் கூடாதா டாக்டர்?"

"எதுக்கு?"

"பதினாலாம் கட்டத்துக்கு."

டாக்டரம்மா மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தாள்.

வேறு வழியில்லாமல் அரைநாள் விடுப்புகளுக்கு ஒரு விண்ணப்பம் எழுதி, நேராக மேலாளரிடம் நீட்டினார் எழுத்தர். மேலாளர் எப்போதும் நின்றுகொண்டே கோப்பு பார்ப்பவர். என்ன சுறுசுறுப்பு என்று ஊரே மெச்சும்.

"முறைப்படி உங்க பிரிவு வழியா வரட்டும்."

"சார், என் பிரிவுல நான் ஒருத்தன்தானே?"

"அப்போ சீக்கிரமே முடிஞ்சிடும்."

"பதினாலாம் கட்டம் இடிக்குது சார். இந்த ஒரு தடவை..."

மேலாளர் சட்டையைத் தூக்கினார். உள்ளே அகலமான இடுப்புப் பட்டை. "மூணு வருஷம் முன்னாடி நானும் விண்ணப்பம் போட்டேன். திருப்பி அனுப்பினது யாரு?"

தட்டச்சர் எழுந்து தன் பட்டையைக் காட்டினார். காவலாளியும் காட்டினார். "எங்களுக்கு இல்லாதது உங்களுக்கு மட்டுமா?" என்று பட்டையைத் தட்டிக்கொண்டே கேட்டார் கணக்கர்.

"அந்தக் கட்டத்தையே எடுத்துடலாமே சார்?"

"தாராளமா எடுக்கலாம். அதுக்கு ஒரு குழு போடணும். குழு நாலு மணி நேரம் ஒரே இடத்துல உக்காந்து பேசணும். இந்த ஆபீஸ்ல யாரால முடியும், சொல்லுங்க?"

யாராலும் முடியாது.

எழுத்தர் தன் மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று விண்ணப்பத்தைப் பணிவாக வைத்தார். சுற்றிப் போய் அந்தப் பக்கம் உட்கார்ந்து படித்தார். கடைசி வரியில் 'கருணையுடன் பரிசீலிக்க வேண்டுகிறேன்' என்றிருந்தது. இப்படிக் கெஞ்சுகிறவர்களைக் கண்டாலே அவருக்கு எரிச்சல். முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

குத்திய வேகத்தில் தாள் நழுவித் தரையில் விழுந்தது. எல்லோரும் எழுந்து வந்து சுற்றி நின்று பார்த்தார்கள். குனிந்து எடுக்க அந்த அலுவலகத்தில் ஆள் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதை மிதிக்காமல் மரியாதையாகச் சுற்றிக்கொண்டு அவரவர் இடத்துக்குப் போனார்கள். திருப்பி அனுப்பிய தாள் விண்ணப்பதாரர் கையில் போய்ச் சேராதவரை விவகாரம் முடிந்ததாகாது என்பது விதி.

அன்று சாயங்காலம் என்ன தோன்றியதோ, மகள் மறுபடி கையைத் தூக்கிக்கொண்டு அவரிடமே வந்தாள்.

"அப்பா, தூக்கு."

"பரிசீலனையில இருக்கும்மா" என்றார்.